சரக்கில் சந்தேகமா? உணவு மோசடியை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழிமுறை

உணவுத் தொழிலில் மோசடி கையும் களவுமாகப் பிடிபடுவது அபூர்வம். முதலில் வருவது ஒரு நெருடல்தான். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எடை இடிக்கும், விலை நம்பும்படியாக இருக்காது. சப்ளையர் தணிக்கை, புகார் விசாரணை என்று போகிற இடங்களில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். நான் தராசிலும் கணக்கிலும் தொடங்கச் சொல்வேன். ஆய்வகம் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். என்ன கேட்க வேண்டும் என்பதைத் தராசும் இன்வாய்ஸும்தான் காட்டிக்கொடுக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஒரு மணி நேரம்

லாட்டை, அதாவது ஒரே எண்ணில் வந்த சரக்குத் தொகுதியை, நிறுத்துங்கள். சந்தேகப்பட்ட லாட்டை ஒதுக்கி வைத்து, 'பயன்படுத்தக் கூடாது' என்று அட்டை கட்டுங்கள். கணினியிலும் அந்த லாட் எண்ணைப் பூட்டிவிடுங்கள். இரவு ஷிப்டில் வருகிறவர் அட்டையைக் கவனிக்காமல் மூட்டையைப் பிரித்துவிடுவது சர்வ சாதாரணம்.

மாதிரியை மூன்று பங்காக எடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சப்ளையருக்கு, ஒன்று சீல் வைத்து உங்களிடம். மேல் மூட்டையோடு நிறுத்தாதீர்கள். ஏமாற்ற நினைப்பவர் நல்ல சரக்கை வைப்பது அங்கேதான். மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்வது நடைமுறையில் உள்ள கணக்கு. 100 மூட்டை என்றால் 11 மூட்டை, அடுக்கின் மேல், நடு, அடி என்று பரவலாக. யார் எடுத்தார், எப்போது, எந்த மூட்டை, சீல் எண் என்ன என்பதை அங்கேயே எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சோதனை முடிவுக்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கேட்பார்.

காகிதம், சாக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்வாய்ஸ், எடைச் சீட்டு, லாரி ரசீது, சோதனைச் சான்று, கொள்முதல் மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். காலி சாக்கும் லேபிளும் அறுத்த சீல் கம்பியும்கூட ஆதாரம்தான்.

சப்ளையரைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள். தவறுதலாக நடந்திருந்தால் உறவு கெடும். வேண்டுமென்றே செய்திருந்தால், தடயத்தை அழிக்க நீங்களே நேரம் கொடுத்ததாகிவிடும்.

இந்த வரிசைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போயிருந்தால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒவ்வாமைத் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

இது இரண்டு விதமாக வரும். மற்ற எல்லோரையும்விட ஒருவர் குறைவாகக் கொடுப்பது ஒன்று. அறுவடை பொய்த்துச் சந்தையே ஏறிக்கிடக்கும்போது ஒருவருடைய விலை மட்டும் அசையாமல் நிற்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும்.

முதலில் நியாயமான காரணங்களைப் பாருங்கள். பழைய அறுவடையாக இருக்கலாம், ஒரு படி கீழான தரமாக இருக்கலாம், காலாவதிக்குக் கொஞ்ச நாளே இருக்கலாம். எந்தப் பருவத்துச் சரக்கு, எந்தத் தரம், எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது நீங்களே போடுகிற கணக்கு. முழுப் பொருளின் சந்தை விலை, சுத்தம் செய்வதில் போகும் கழிவு, அரைக்கும் கூலி, பொதி, போக்குவரத்து, வரி. இவற்றைக் கூட்டினால் வரும் தொகைக்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால், அந்த வித்தியாசத்தை ஏதோ ஒரு மலிவான பொருள் ஈடுகட்டுகிறது. ஒரே தரத்தில், முழுதாக வாங்குவதைவிட அரைத்தது மலிவாகக் கிடைக்கிறது என்றால் மேலே யோசிக்க வேண்டியதே இல்லை.

பலர் பார்க்காத இடம் சொந்த அலுவலகம். விலையை எவ்வளவு குறைத்தார் என்பதை வைத்து மட்டும் கொள்முதல்காரருக்கு ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தால், கேள்வி கேட்காமல் இருப்பதற்கு நீங்களே கூலி கொடுக்கிறீர்கள்.

எப்போது வெளி ஆள்: விலைக்கு விளக்கம் கிடைக்கவில்லை, சரக்கும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்றால் ஆய்வகம். கொள்முதல்காரருக்கும் தரகருக்கும் உள்ளுக்குள் ஏதோ இருப்பதாகத் தோன்றினால் உங்கள் ஆட்களை வைத்து விசாரிக்காதீர்கள். வெளித் தணிக்கையாளரை வையுங்கள்.

## அறிகுறி: நிறம், மணம், சுவை மாறியிருக்கிறது

பருவம் மாறினால், ரகம் மாறினால், கிடங்கில் வெயில் பட்டால்கூட இவை மாறும். அதனால் முதல் வேலை ஒப்பிடுவது. ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை என்றால் இன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்று கிண்ணம் வையுங்கள், இரண்டில் பழையது, ஒன்றில் புதியது. எது எதில் என்று தெரியாத சிலரை வேறுபட்டதை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் சந்தேகம் உங்கள் கண்ணில்தான்.

முடிந்தது என்றால், பொருளைப் பொறுத்துப் பிரியுங்கள்.

### தூள் வகைகள்

மோசடிக்காரருக்கு மிகவும் பிடித்த வடிவம் தூள்தான். அரைத்துவிட்டால் இலை எது, உமி எது, வண்ணம் எது என்று கண்ணுக்குத் தெரியாது.

இடத்திலேயே செய்யக்கூடியவை சில. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தைத் தட்டாமல் நிரப்பி எடை போடுங்கள். பழைய லாட்டையும் அப்படியே போடுங்கள். எடை கணிசமாக மாறினால், அரைத்த நயம் மாறியிருக்கிறது அல்லது வேறு ஏதோ கலந்திருக்கிறது. சலித்துப் பார்த்தால் இரண்டில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். நிறம் கோடு கோடாக வேகமாக இறங்கினால் நீரில் கரையும் சாயம் இருக்கலாம். மணலும் கல்தூளும் அடியில் தங்கும்.

இதில் தேறிவிட்டது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. மிளகாய்த் தூளில் சேர்க்கப்படுகிற சூடான் வகைச் சாயங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் வெளிப்படாது. 2005-இல் பிரிட்டனில் சூடான் 1 கலந்த மிளகாய்த் தூள் ஒரு சாஸில் போய், அந்த சாஸ் வேறு பொருட்களில் போய், கடைசியில் 400-க்கும் மேற்பட்ட தயாரிப்புகளைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. அவற்றைத் தயாரித்தவர்களில் பலர் மிளகாய்த் தூளை நேரடியாக வாங்கியவர்களே இல்லை.

அயோடின் சொட்டு விட்டு மாவுச்சத்தைக் கண்டுபிடிக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மஞ்சள், இஞ்சி, மிளகு மூன்றிலும் இயல்பாகவே மாவுச்சத்து உண்டு. அங்கே நீலம் வந்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

ஆய்வகத்திடம் தூளுக்குக் கேட்க வேண்டியவை: மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், நுண்ணோக்கிப் பரிசோதனை, தடைசெய்யப்பட்ட சாயங்கள், ஈயமும் குரோமியமும். கடைசி இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டும் ஒன்றாக உயர்ந்திருந்தால் லெட் குரோமேட் என்ற நிறமி மேல் சந்தேகம் போகும். 2023-இல் அமெரிக்காவில் லவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பைகளைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிய விவகாரத்தில் தெரியவந்தது இந்த இணைதான். அந்தப் பட்டை ஈக்வடாரில் அரைக்கப்பட்டது. அரைக்காத பட்டையில் ஈயப் பிரச்சினை இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தார்கள். தூளை நிறுத்திவிட்டு முழுதாக வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தால், சோதனைக்கு ஆகும் செலவைவிட அது மலிவு.

### எண்ணெய்

ஆலிவ் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை மறந்துவிடுங்கள். உறைவது கொழுப்பு அமிலங்களின் கலவையைப் பொறுத்தது. அசலும் உறையாமல் இருக்கலாம், கலப்படமும் உறையலாம்.

அமிலத்தன்மை குறைவு என்று சான்றில் பார்த்ததும் திருப்தி அடைபவர்கள் உண்டு. எக்ஸ்ட்ரா வர்ஜின் தரத்துக்கு உச்ச வரம்பு 0.8 சதவீதம். ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் அமிலத்தன்மை அதைவிடக் குறைவு. சுத்திகரித்ததைக் கலந்தால் அந்த எண் இன்னும் அழகாகத்தான் தெரியும். கூடவே புற ஊதாக் கதிர் உறிஞ்சல் அளவைக் கேளுங்கள். சுத்திகரிப்பின் தடம் அங்கே விழும். பயிற்சி பெற்ற சுவைக் குழுவின் மதிப்பீடும் எக்ஸ்ட்ரா வர்ஜின் தரத்துக்கான அதிகாரபூர்வ நிபந்தனைகளில் ஒன்று.

எண்ணெயில் ரசாயன வாடையோ வித்தியாசமான எரிச்சலோ இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள். 1981-இல் ஸ்பெயினில் தொழிற்சாலை உபயோகத்துக்காக அனிலின் என்ற ரசாயனம் சேர்த்த கடுகினத்து ரேப்சீட் எண்ணெய் சமையல் எண்ணெயாக விற்கப்பட்டு, சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

### தேன்

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சி கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் பொழுதுபோக்கு. பாகு கலந்த தேனும் இவற்றில் தேறிவிடும்.

சான்றில் 'சி4 சர்க்கரைச் சோதனை: தேர்ச்சி' என்று இருந்தால், கரும்பு, மக்காச்சோளப் பாகு இல்லை என்று மட்டுமே அர்த்தம். அரிசியிலிருந்தும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்தும் எடுக்கிற பாகு அந்தச் சோதனையின் கண்ணில் படாது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 தேன் சரக்குகளில் 147 சந்தேகத்துக்குரியவை என்று வந்தது. அதில் பல, பழைய முறையில் மட்டும் சோதித்திருந்தால் நழுவியிருக்கும். என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்திசைவு) போன்ற விரிவான சோதனைக்குச் செலவு அதிகம். மொத்தச் சரக்கையும் மறுப்பதா ஏற்பதா என்று முடிவெடுக்கும் கட்டத்தில் செய்யுங்கள்.

### பால் பவுடர்

புரத அளவு சரியாக இருக்கிறது, ஆனால் கரைவதிலோ வாசனையிலோ ஏதோ சரியில்லை. வழக்கமான புரதச் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து கணக்கிடுகிறது. 2008-இல் சீனாவில் இந்த ஓட்டையில்தான் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனம் நுழைந்தது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சந்தேகம் என்றால் மெலமைனையும் யூரியாவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது வெளி ஆள்: சாயம், கன உலோகம், மெலமைன் ஆகிய மூன்றில் எதையாவது ஆய்வகம் உறுதிசெய்த நிமிடத்தில் இது தரப் பிரச்சினை என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல், சந்தையிலிருந்து திரும்பப் பெறும் நடவடிக்கை, வக்கீல் மூன்றும் அன்றைக்கே.

## அறிகுறி: எடை ஒட்டவில்லை

முதலில் உங்கள் தராசு. கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தீர்கள்? தெரிந்த எடையை வைத்துப் பாருங்கள். அப்புறம் காலிப் பெட்டியின் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். ஈரத்தை இழந்து எடை குறைவதும் இயல்பு.

உறைந்த மீனும் இறாலும் தனிக் கதை. காய்ந்து போகாமல் இருக்க மேலே மெல்லிய ஐஸ் உறை போடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதையே தடிமனாகப் போட்டு ஐஸை இறால் விலைக்கு விற்பது மோசடி. சோதிப்பது சுலபம். உறைந்த நிலையில் எடை போடுங்கள். குளிர்ந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து, விரலில் ஐஸ் தட்டுப்படாத வரை உறையைக் கரையுங்கள். உள்ளிருக்கும் சதை உருகக் கூடாது. சல்லடையில் வடித்து, துணியால் ஒற்றி, மறுபடி எடை போடுங்கள். 1,000 கிராம் 820 ஆக வந்தால் 18 சதவீதம் ஐஸ். லேபிளில் சொன்ன நிகர எடை ஐஸ் நீங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரநிலை. பல பெட்டிகளில் செய்து சராசரி எடுங்கள், ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஐஸ் சரியாக இருக்கிறது, ஆனால் வாணலியில் போட்டதும் தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுருங்குகிறது என்றால் சந்தேகம் பாஸ்பேட் ஊறல் மீது. சதைக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கிற உப்பு இது. ஈரப்பதமும் பாஸ்பேட்டும் ஆய்வகத்தில் அளக்கலாம். லேபிளில் பாஸ்பேட்டும் சேர்த்த தண்ணீரும் சொல்லப்பட்டிருந்தால் மோசடி இல்லை, மோசமான பேரம்தான்.

## அறிகுறி: சொன்ன மீனா, சொன்ன இறைச்சியா?

தோலும் தலையும் இல்லாத துண்டுகளில்தான் இந்தக் கேள்வி வரும். முழு மீனாகவோ தோலோடோ வாங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வணிகப் பெயரை விட்டுவிட்டு, அறிவியல் பெயரை இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வணிகப் பெயரில் பல இனங்களை விற்பது சட்டப்படியே சாத்தியம்.

உறுதிசெய்ய டி.என்.ஏ. சோதனை. டின்னில் அடைத்த மீனாக இருந்தால் முன்கூட்டியே ஆய்வகத்திடம் சொல்லுங்கள். அதிகச் சூட்டில் டி.என்.ஏ. துண்டாகிவிடும், அதற்கேற்ற முறை வேண்டும். அரைத்த இறைச்சியில் இனம் மட்டும் கேட்காமல் அளவையும் கேளுங்கள். 2013 ஜனவரியில் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட சோதனை முடிவில், 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 10-இல் குதிரை டி.என்.ஏ. இருந்தது. பெரும்பாலானவற்றில் அது சொற்பம். ஒன்றில் மட்டும் இறைச்சியின் 29 சதவீதம் அளவுக்கு. சொற்பம் என்றால் இயந்திரத்தைக் கழுவாததுகூடக் காரணமாகலாம். 29 சதவீதம் கழுவாமல் வராது.

## அறிகுறி: காகிதம் அளவுக்கு மீறிச் சரியாக இருக்கிறது

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். காசே செலவாகாது, கிடைப்பது நிறைய.

ஒரே சப்ளையரின் கடந்த ஆறு லாட்டுகளின் சோதனைச் சான்றுகளை மேசையில் வரிசையாகப் பரப்புங்கள். இயற்கைப் பொருளில் ஈரப்பதம் லாட்டுக்கு லாட் மாறியே தீரும். மூன்று சான்றில் ஈரம் 9.82 என்று இருந்தால் ஒன்றுதான் சோதனை, மற்றவை நகல். சோதனைத் தேதி உற்பத்தித் தேதிக்கு முன்னால் இருக்கிறதா? மாதிரி பெற்ற அன்றே பல நாள் பிடிக்கும் நுண்ணுயிர்ச் சோதனைக்கு முடிவு வந்துவிட்டதா? தேதியில் மட்டும் எழுத்துரு கொஞ்சம் வேறாக இருக்கிறதா?

இவற்றுக்கும் அப்பாவித்தனமான காரணம் இருக்கலாம். அலுவலகத்தில் யாரோ பழைய கோப்பை எடுத்துத் தேதி மாற்றி அனுப்பியிருப்பார், சோதனை உண்மையிலேயே நடந்திருக்கும். சரி, அப்படியானால் ஆய்வகமே உறுதிசெய்யட்டும். சான்றில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைக்காதீர்கள். போலிச் சான்றில் எண்ணும் போலிதான். அங்கீகார அமைப்பின் பட்டியலில் அந்த ஆய்வகத்தைத் தேடி, அங்கே உள்ள எண்ணில் கூப்பிட்டு, சான்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இயற்கை வேளாண்மை, மதச் சான்று, புவிசார் பெயர் எல்லாவற்றுக்கும் இதே வழி. சான்றிதழ் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, எதுவரை என்று மூன்றையும் பாருங்கள். உண்மையான சான்றிதழ்தான், ஆனால் வேறு பொருளுக்கு வாங்கியது என்பது அடிக்கடி பார்க்கிற ஒன்று.

அடுத்த படி, அளவுக் கணக்கு. இத்தனை பரப்பில் விளைந்தது என்று சான்று சொல்கிறது. அந்தப் பயிருக்கு வழக்கமான விளைச்சல் எவ்வளவு என்று விசாரியுங்கள். உங்களுக்கு மட்டுமே அதைவிட அதிகம் விற்றிருந்தால் மிச்சம் எங்கிருந்து வந்தது? அறுவடைப் பருவத்துக்கும் சரக்கு வந்த மாதத்துக்கும் பொருத்தம் உண்டா? கன்டெய்னர் சீல் எண் கப்பல் ஆவணத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்று இருக்கிறதா?

அதன் பிறகுதான் நேரடித் தணிக்கை. போய் இறங்கியதும், உங்களிடம் வந்த லாட்டுகளில் ஒன்றைச் சொல்லி, பின்னோக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் முழுச் சங்கிலியையும் காட்ட வேண்டும் என்பது பி.ஆர்.சி.ஜி.எஸ். போன்ற உணவுப் பாதுகாப்புத் தரநிலைகளின் எதிர்பார்ப்பு. தாமதத்தைவிட, எந்த இடத்தில் தாமதிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "அந்தக் கோப்பு தரகரிடம் இருக்கிறது" என்ற பதில் வருகிற கண்ணிதான் நீங்கள் தேடி வந்தது.

எப்போது வெளி ஆள்: ஆய்வகமோ சான்று அமைப்போ "இது நாங்கள் கொடுத்ததில்லை" என்று எழுத்தில் சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போங்கள். போலி ஆவணம் தனிக் குற்றம். அதற்குச் சரக்கில் கலப்படம் நிரூபணமாக வேண்டிய அவசியமே இல்லை.

## அறிகுறி: ஆய்வக முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்

உங்கள் ஆய்வகம் கலப்படம் என்கிறது, சப்ளையருடையது சுத்தம் என்கிறது. யாரும் பொய் சொல்லாமலே இது நடக்கும். மாதிரி ஒரே மூட்டையிலிருந்து போனதா? முறை ஒன்றா? கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு எவ்வளவு?

ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் பொத்தாம் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட சோதனைக்கு, குறிப்பிட்ட வகை உணவுக்கு. தண்ணீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் பெற்றவர் மசாலாவில் ஈயம் பார்க்கப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. வரம்புப் பட்டியலை வாங்கிப் படியுங்கள்.

இவையெல்லாம் பொருந்தியும் முரண் தீரவில்லை என்றால், நீங்கள் சீல் வைத்து வைத்திருந்த மூன்றாவது பங்கு இதற்காகத்தான். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை இருவரும் ஏற்பதாக முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள்.

## அறிகுறி: சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை

இங்கே காரணம் தேடுவது இரண்டாவது வேலை. முதலில் விற்பனையை நிறுத்துங்கள், அந்த லாட் எங்கெங்கே போனது என்று பட்டியல் எடுங்கள், அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் பாருங்கள்: தவறான லேபிள் ஒட்டப்பட்டதா, இயந்திரம் சரியாகக் கழுவப்பட்டதா, செய்முறையில் யாராவது மாற்றுப் பொருள் போட்டார்களா. மூன்றும் இல்லை என்றால் வாங்கிய பொருளுக்குள்ளேயே இருக்கிறது. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில் சீரகத் தூளில் அறிவிக்கப்படாத வேர்க்கடலைப் புரதம் இருந்ததால் ஏராளமான தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றார்கள். சீரகம் வாங்குகிறவர் கடலையைச் சோதிக்க யோசிப்பதில்லை. மலிவான நிரப்பிகளில் கடலை ஓடும் கொட்டை மாவும் கோதுமையும் சோயாவும் சர்வ சாதாரணம் என்பதால், தூள் பொருள் எதுவானாலும் ஒவ்வாமைச் சோதனையைப் பட்டியலில் சேருங்கள்.

## அறிகுறி: நீங்கள் செய்யாத பாக்கெட், உங்கள் பெயரில்

புகார் வந்த பாக்கெட்டை வாங்கிப் பேட்ச் எண்ணைப் பாருங்கள். உங்கள் பதிவேட்டில் அந்த எண் இருந்தும் பொருள் வேறு என்றால், அசல் பாக்கெட்டைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார்கள். எண்ணே இல்லை என்றால் குருட்டாம்போக்கில் அச்சடித்தது. எண்ணும் பொருளும் உங்களுடையது, தேதி மட்டும் வேறு என்றால் காலாவதியான சரக்குக்கு யாரோ புதுத் தேதி போட்டிருக்கிறார்கள். அச்சுக்கு அடியில் பழைய மை துடைத்த மங்கல் இருக்கிறதா என்று சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உள் பாக்கெட் தேதியையும் வெளிப்பெட்டித் தேதியையும் ஒப்பிடுங்கள்.

லேபிள் அச்சு அசலாக உங்களுடையதே என்றால், முதலில் உங்கள் குப்பையைப் பாருங்கள். அச்சுப் பிழை வந்த பிலிம் சுருள், பழைய வடிவ லேபிள், காலி ஜாடி எல்லாம் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போகிறதா? அச்சகத்தில் உபரியாக அடித்தவை எங்கே? கழிவு லேபிளை நறுக்கிப் போடுவதும், அச்சகத்திடம் எண்ணிக்கைக் கணக்கு கேட்பதும் பாதிப் போலிகளுக்கு வழியடைத்துவிடும். பேட்ச் குறியீட்டில் நிமிடத்தையும் லைன் எண்ணையும் சேர்த்தால் நகல் எடுப்பவருக்குத் தலைவலி, உங்களுக்குச் செலவில்லை.

வணிகச் சின்ன வக்கீலும் காவல்துறையும் தேவைப்படுவது, ஒரே கடையில் மறுபடி கிடைக்கும்போது. வாங்கியதற்கு ரசீது கட்டாயம்.

## அறிகுறி: உங்கள் கிடங்குக் கணக்கே ஒட்டவில்லை

செய்முறைப்படி இவ்வளவு தேன் போயிருக்க வேண்டும், கிடங்கில் அதைவிட அதிகம் மிச்சம் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாம். யாரோ விலை உயர்ந்ததைக் குறைத்துப் போடுகிறார்கள், அல்லது கணக்கில் வராத சரக்கு ஒன்று உள்ளே வந்திருக்கிறது. குறைந்தால் திருட்டு, கூடினால் மோசடி என்று வைத்துத் தொடங்குங்கள்.

எளிய காரணங்கள்: பதிவு விட்டுப்போனது, அலகு மாறியது, கழிவை எழுதாதது. அவை இல்லை என்றால் ஷிப்டுவாரியாகப் பிரியுங்கள். வித்தியாசம் ஒரே ஷிப்டில் குவிந்தால் விசாரணை பாதி முடிந்தது. ஆர்டர் போடுபவர், சரக்கைப் பெறுபவர், பில்லுக்கு ஒப்புதல் தருபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். சிறிய இடங்களில் முடியாது என்பார்கள்; பெறுபவரையாவது பிரித்துவிடுங்கள். பெயர் சொல்லாமல் புகார் தர ஒரு வழி வையுங்கள். எத்தனையோ மோசடி வெளியே வந்தது ஆய்வகத்தால் அல்ல, மூட்டை தூக்குபவர் வாய் திறந்ததால்.

## அறிகுறி: முன்பின் தெரியாதவரிடமிருந்து பெரிய ஆர்டர்

பெரிய நிறுவனத்தின் பெயர், கடன் தவணை கேட்கிறார், அவசரம் என்கிறார். மின்னஞ்சல் முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். சரக்கு கிளம்பிய பிறகு இறக்கும் இடத்தை மாற்றச் சொல்வார். அந்த நிறுவனத்தின் பொது எண்ணில் கூப்பிட்டு ஆர்டர் எண்ணைக் கேளுங்கள். இறக்கும் முகவரி மாறினால் லாரி அசையக் கூடாது என்று ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுங்கள். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறியதாக வரும் மின்னஞ்சலுக்கும் இதே மருந்து: பழைய எண்ணில் ஒரு போன்.

சரக்கு போய்விட்டது என்றால் காவல்துறையோடும் காப்பீட்டு நிறுவனத்தோடும் நிறுத்தாதீர்கள். அந்த லாட் எண்களை உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். குளிர்பதனம் இல்லாமல் கிடந்துவிட்டு வேறு லேபிளோடு சந்தைக்கு வரும்போது, பெட்டிக்குள் இருப்பது உங்கள் சரக்கு.